சின்னத் தீவுல பறவை பாக்கறதும் பதிவு பண்றதும்: அடிக்கடி வர்ற கேள்விகள்

சின்னத் தீவுல இருக்கறவங்களும் சரி, அடிக்கடி அங்க போய்ட்டு வர்றவங்களும் சரி, பறவை பாக்க ஆரம்பிச்சு ஊரையும் கூட சேத்துக்கிட்டு பதிவு பண்ணலாம்னு இறங்கும்போது திரும்பத் திரும்ப கேக்கற கேள்விங்க இதெல்லாம். வரிசையா படிக்கணும்னு இல்ல, தேவையானத மட்டும் பாத்துக்கோங்க.

தீவையே ஒரு மணி நேரத்துல நடந்து முடிச்சிடலாம். இதுல பதிவு பண்ண என்ன இருக்கு?

சின்னதா இருக்கறதுதான் இங்க வசதியே. பெரிய காட்டுல எத்தனை பறவை இருக்குன்னு யாராலயும் முழுசா எண்ண முடியாது, தீவுல நாலு பேர் சேந்தா ஒரு காலைல கிட்டத்தட்ட எல்லா இடத்தையும் பாத்துடலாம், நேத்து இல்லாதது இன்னிக்கு வந்திருந்தா உடனே தெரியும், இருந்தது காணாம போனாலும் தெரியும். வலசை வர்ற பறவைங்களுக்கு நடுக்கடல்ல கால் வைக்க கிடைக்கற இடம் அது ஒண்ணுதான். ராத்திரி பூரா பறந்துட்டு வரும்போது எதிர்க்காத்து அடிச்சாலோ மழை புடிச்சாலோ மொத்தமா வந்து இறங்கிடும், விடிஞ்சு பாத்தா நேத்து காலியா கிடந்த புதர்ல எல்லாம் ஏதோ ஒண்ணு அசைஞ்சுகிட்டு இருக்கும்.

வட கடல்ல ஹெலிகோலாந்துனு ஒரு தீவு, மெயின் தீவு ஒரு சதுர கிலோமீட்டர்தான் வரும். 1837-ல அங்க போன ஹைன்ரிக் கேட்கெனு ஒரு ஓவியர் அங்கயே தங்கிட்டாரு, வர்ற பறவை போற பறவை எல்லாத்தையும் பல பத்து வருஷம் எழுதி வச்சாரு, வலசை பத்தி ஆராய்ச்சி பண்றவங்க இன்னிக்கும் அவர் பேர சொல்றாங்க. ஸ்காட்லாந்தோட வடக்குக் கடல்ல இருக்கற ஃபேர் ஐல் தீவு நீளம் 5 கிலோமீட்டர் கூட இருக்காது, ஜனத்தொகை அம்பது அறுபது பேர், ஆனா அங்க பாத்து பதிவான பறவை வகை 380-க்கு மேல. 1905-ல வில்லியம் ஈகிள் கிளார்க்னு எடின்பரோ மியூசியத்து ஆள் அங்க போனாரு, அவரு வருஷம் பூரா அங்க உக்காந்திருக்க முடியாது இல்லயா, அதனால தீவுல விவசாயம் பாத்துட்டு இருந்தவங்களுக்கே கத்துக்குடுத்து எழுத வச்சாரு. தீவுப் பதிவுன்னா எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது இதுதான், வந்துட்டுப் போற நிபுணர விட அங்கயே கிடக்கற ஆளு முக்கியம்.

இன்னொரு கணக்கும் இருக்கு. உலக நிலப்பரப்புல தீவுங்க சுமார் 5 சதவீதம்தான், ஆனா அழிஞ்சு போச்சுன்னு தெரிஞ்ச உயிரினங்கள்ல 60 சதவீதத்துக்கு மேல தீவுல வாழ்ந்தது.

பாத்தா போதாதா, எதுக்கு எழுதணும்? பதிவுன்னா சரியா என்ன?

பாக்கறது மட்டும் போதும்னா தாராளமா பாருங்க, யாரும் கேக்க மாட்டாங்க. எழுதணும்னா நாலு விஷயம் வேணும்: என்ன, எங்க, எப்போ, யார் பாத்தது. இதுல ஒண்ணு இல்லாட்டியும் அது பதிவு ஆகாது, கதைதான். எத்தனை இருந்துச்சு, எவ்ளோ நேரம் பாத்தீங்க, எவ்ளோ தூரம் நடந்தீங்கனு கூட ரெண்டு வரி சேத்தா அதோட மதிப்பே வேற. "ஆலா 12" (ஆலான்றது கடலோரத்துல திரியற ஒரு பறவை) அப்படின்னு மட்டும் எழுதினா பத்து வருஷம் கழிச்சு ஒண்ணும் பண்ண முடியாது, "காலைல 6.30-ல இருந்து 7.15 வரைக்கும், வடக்கு முனைல உக்காந்து, ஆலா 12" அப்படின்னா அடுத்த வருஷம் அதே நேரத்துல அதே முனைல உக்காந்து ஒப்பிட்டுப் பாக்கலாம்.

எனக்கு காக்கா, கொக்கு தவிர ஒண்ணும் தெரியாது. நான் சேரலாமா?

சேரலாம். தீவுல இன்னொரு சௌகரியம், வருஷம் பூரா அங்கயே இருக்கற பறவை லிஸ்ட் பெரும்பாலும் சின்னது, அத கத்துக்கிட்டா தினசரி கண்ணுல படறதுல பெரும்பகுதி முடிஞ்சிடும். அதுல ஸ்ட்ராங் ஆயிட்டீங்கன்னா புதுசு ஒண்ணு வரும்போது "இது நம்ம ஆளு இல்லயே"னு தானா தோணும், அந்த தோணல்தான் முக்காவாசி வேலை, பேர அப்புறம் யாராவது சொல்லிக்கலாம். புத்தகத்த முதல் பக்கத்துல இருந்து மனப்பாடம் பண்றவங்க நிறைய பேர் பாதியிலயே விட்டுட்டு போயிடறாங்க, அது வேணாம்.

தெரியாதத தெரியாதுன்னே எழுதுங்க. "சின்ன உள்ளான், வகை தெரியல, 8" அப்படின்றது ரொம்ப நல்ல பதிவு (உள்ளான்னா சேத்துல மேயற கரையோரப் பறவை). பதிவு போடற ஆப்புங்களான ஈபேர்ட்லயும் ஐநேச்சுரலிஸ்ட்லயும் இப்படி பொதுவா போட வழி இருக்கு. யாரோ பக்கத்துல நின்னு ஒரு பேர் சொன்னாங்கன்னு அதையே போடறதுதான் பிரச்சனை.

பைனாகுலர் கண்டிப்பா வேணுமா? எது வாங்கறது?

ஆரம்பத்துல வேணாம், ரெண்டு மாசம் ஆசை நிக்குதான்னு பாத்துட்டு வாங்குங்க. வாங்கினா 8x42 இல்லன்னா 8x32. முதல் நம்பர் எத்தனை மடங்கு கிட்ட காட்டும்னு சொல்லுது, ரெண்டாவது முன்னாடி கண்ணாடியோட விட்டம் மில்லிமீட்டர்ல. 10, 12 மடங்குனு ஆசப்படாதீங்க, தீவுல எப்பவும் காத்து அடிக்கும், கை ஆடும், படகுல ஏறினா சுத்தமா நிக்காது. தண்ணி புகாத மாடலா பாருங்க. முக்கியமா உப்பு. கடற்கரைல யூஸ் பண்ணிட்டு வந்தா நல்ல தண்ணில துணிய நனைச்சு பாடிய துடைங்க, லென்ஸ்ல உப்பு படிஞ்சிருக்கும்போது காஞ்ச துணியால தேய்ச்சா கோடு விழுந்துடும், முதல்ல ஊதிட்டு அப்புறம் ஈரத்துணி.

ஆளுக்கு ஒண்ணு இல்லாட்டியும் பரவால்ல, க்ரூப்புக்கு ரெண்டு மூணு பொதுவா இருந்து கை மாத்தி மாத்தி பாக்கறதே நல்லா இருக்கும். ஸ்பாட்டிங் ஸ்கோப் (ஸ்டாண்ட்ல வச்சு பாக்கற தொலைநோக்கி) ஒண்ணு பொதுவுல கிடைச்சா கடல் பாக்கறதுக்கு அத மிஞ்சி ஒண்ணும் இல்ல.

எந்த ஆப் யூஸ் பண்றது? ஈபேர்டா, ஐநேச்சுரலிஸ்டா?

ரெண்டும் வேற வேற வேலை. ஈபேர்ட் பறவைக்கு மட்டும், 2002-ல அமெரிக்காவுல இருக்கற கார்னெல் பறவை ஆய்வகமும் ஆடுபான் சொசைட்டியும் சேந்து ஆரம்பிச்சது, அதுல ஃபோட்டோ கட்டாயம் இல்ல, ஒரு இடத்துல இவ்ளோ நேரம் இருந்தேன் இதெல்லாம் பாத்தேன்னு முழு செக்லிஸ்ட் போடறதுதான் அதோட பலம். ஐநேச்சுரலிஸ்ட் 2008-ல பெர்க்லில படிச்ச மாணவங்க ப்ராஜெக்டா ஆரம்பிச்சது, செடி பூச்சி நண்டு மீன் பறவை எதுனாலும் ஒரு ஃபோட்டோவையோ பதிவு பண்ணின சத்தத்தையோ போட்டா மத்தவங்க பேர் சொல்வாங்க, குறைஞ்சது ரெண்டு பேர் பேர் போட்டு அதுல மூணுல ரெண்டு பங்குக்கு மேல ஒத்துப்போனா 'ரிசர்ச் கிரேட்', அதாவது ஆராய்ச்சிக்கு லாயக்கான பதிவு ஆகும்.

என் சிபாரிசு, பறவைக்கு ஈபேர்ட், மத்த எல்லாத்துக்கும் ஐநேச்சுரலிஸ்ட். ரெண்டுமே புடிக்காத ஆளுக்கு ஒரு கோடு போட்ட நோட்டும் பென்சிலும். பேனா வேணாம், மழையில அழிஞ்சிடும். நோட்டுல எழுதறவங்கள மட்டமா பாக்காதீங்க, வாரத்துக்கு ஒரு தடவ யாராவது ஒரு பொண்ணோ பையனோ உக்காந்து அத ஆப்ல ஏத்திட்டா முடிஞ்சது.

ஈபேர்ட்ல தீவுக்காரங்க அடிக்கடி பண்ற ஒரு விஷயம், மொத்த தீவுக்கும் சேத்து ஒரே லிஸ்ட் போடறது. அப்படி போட்டா பறவை சேத்துல இருந்துச்சா மரத்துல இருந்துச்சான்னு தெரியாம போயிடும். துறைமுகம் ஒரு லிஸ்ட், குளம் ஒரு லிஸ்ட், வடக்கு முனை ஒரு லிஸ்ட்னு பிரிச்சுப் போடுங்க, கால் மணி நேர லிஸ்ட்டா இருந்தாலும் சரி.

தீவுல சிக்னலே வராது, என்ன பண்றது?

பிரச்சனை இல்ல. ஈபேர்ட் ஆப் ஆஃப்லைன்ல வேலை செய்யும், உங்க ஏரியாவோட பறவை லிஸ்ட் இருக்கற 'பேக்' ஃபைல மட்டும் சிக்னல் இருக்கற இடத்துலயே டவுன்லோட் பண்ணிக்கோங்க. ஜிபிஎஸ்சுக்கு நெட் தேவையில்ல. ஐநேச்சுரலிஸ்ட்லயும் ஃபோன்ல சேவ் பண்ணி வச்சு அப்புறம் அப்லோட் பண்ணலாம். ஃபோன் தேதியும் நேரமும் சரியா இருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க.

மெர்லின் ஆப் சத்தத்த கேட்டு பேர் சொல்லுதே, அத அப்படியே போட்டுடலாமா?

வேணாம். மெர்லின்ல சத்தம் வச்சு கண்டுபிடிக்கற வசதி 2021-ல வந்தது, நல்ல வசதி, நானும் ஆன் பண்ணி வைப்பேன். ஆனா அது சொல்றது ஒரு துப்புதான், போய் பறவைய கண்ணால பாருங்க, இல்ல சத்தம் உங்களுக்கே நிச்சயமா தெரிஞ்சா போடுங்க. தீவுல ரெண்டு காரணத்துக்காக இன்னும் கவனம் வேணும்: அலை சத்தமும் காத்தும் எல்லாத்தையும் மூடிடும், அப்புறம் பெரிய நிலப்பரப்புல சாதாரணமா இருக்கற பறவை தீவுல இல்லவே இல்லாம இருக்கலாம், ஆப் அத நம்பிக்கையா காட்டும், நீங்க போட்டீங்கன்னா தீவோட லிஸ்ட்ல ஒரு பேய் உக்காந்துக்கும்.

ஆயிரக்கணக்குல உள்ளான் உக்காந்திருக்கு, எப்படி எண்றது?

முதல்ல நேரம். தண்ணி வத்தின நேரத்துல போனா அதுங்க சேறு பூரா சிதறி மேஞ்சுகிட்டு இருக்கும், எண்ண முடியாது. ஓதம், அதாவது கடல் தண்ணி, ஏறி சேறு மூடிக்கிட்டு வரும்போது எல்லாம் கூட்டம் கூட்டமா வந்து உசரமான மணல் திட்டுலயோ பாறையிலயோ ஒண்டிக்கும், ஏறி முடியறதுக்கு முன்னாடி பின்னாடி ஒரு மணி நேரம்தான் சரியான சமயம். ஓத அட்டவணைய பாத்துட்டு கிளம்புங்க.

எண்ற முறை: பத்து பறவைய ஒண்ணொண்ணா எண்ணுங்க, அந்த பத்து கண்ணுக்கு எவ்ளோ இடம் அடைக்குதுன்னு மனசுல வாங்கிக்கோங்க, அந்த அளவ கூட்டத்து மேல வச்சு வச்சு நகத்திட்டு போங்க. பெரிய கூட்டம்னா அம்பது, நூறுன்னு. கூட்டம் எல்லா இடத்துலயும் ஒரே நெருக்கமா இருக்காது, நடுவுல அடர்த்தி, ஓரத்துல கலைஞ்சு இருக்கும், அதனால ரெண்டு மூணு இடத்துல அளவு எடுங்க. பறந்துடுச்சுன்னா ஒரு ஃபோட்டோ எடுத்து வீட்ல போய் பெருசு பண்ணி எண்ணலாம். ரெண்டு பேர் தனித்தனியா எண்ணி கடைசில ஒப்பிட்டுப் பாருங்க, முதல்ல வித்தியாசம் சிரிப்பா வரும், போகப் போக கிட்ட வந்துடும்.

நிறைய பேர் எண்ண சோம்பல் பட்டு ஈபேர்ட்ல நம்பருக்கு பதிலா வெறும் 'எக்ஸ்' போட்டுடறாங்க. எக்ஸ்னா இருந்துச்சுன்னு மட்டும்தான் அர்த்தம், மூணு இருந்துச்சா மூவாயிரம் இருந்துச்சான்னு தெரியாது. தோராயமா 400-னு போட்டாலும் எக்ஸ விட ஆயிரம் மடங்கு தேவலாம்.

சின்ன இடத்துல பத்து பேர் சுத்தினா ஒரே பறவைய பத்து தடவ எண்ணிட மாட்டோமா?

எண்ணிடுவீங்க. அதுக்குதான் கணக்கெடுப்பு நாள் அன்னிக்கு தீவ நாலஞ்சு பகுதியா பிரிச்சு, எல்லாரும் ஒரே நேரத்துல ஆரம்பிச்சு ஒரே நேரத்துல முடிக்கறது. பெருசா பறந்து போற கூட்டம்னா எந்தப் பக்கம் போச்சு, மணி என்னன்னு குறிச்சா அப்புறம் உக்காந்து கழிச்சுக்கலாம். ஒண்ணா நடந்தவங்க ஆளாளுக்கு தனி லிஸ்ட் போடாம, ஒருத்தர் போட்டு ஈபேர்ட்ல மத்தவங்களுக்கு ஷேர் பண்ணுங்க.

தினமும் அதே காக்கா, அதே மைனா. அதையும் போடணுமா?

கண்டிப்பா போடணும், இந்தக் கேள்விக்குதான் நான் ரொம்ப பேசுவேன். அரிய பறவை வந்தா யாராவது எப்படியும் எழுதிடுவாங்க, சாதாரணப் பறவைய யாரும் எழுத மாட்டாங்க, அது குறையறது கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியாது. வட அமெரிக்காவுல 1970-ல இருந்து கிட்டத்தட்ட 300 கோடி பறவை குறைஞ்சிருக்குன்னு 2019-ல ஒரு ஆய்வு சொன்னுச்சு, அதுல பெரும்பங்கு அரிய பறவை இல்ல, குருவி மாதிரி தினசரி கண்ணுல படற கும்பல்தான். அது தெரிஞ்சதே 1966-ல இருந்து வருஷா வருஷம் அதே ரோட்டுல, அதே இடத்துல நின்னு எண்ணின சாதாரண ஆளுங்களோட கணக்கு இருந்ததாலதான்.

அதனால ஒரே ஒரு பாதைய முடிவு பண்ணுங்க. அரை மணி நேரம் நடக்கற மாதிரி, எல்லா சீசன்லயும் போக முடியற மாதிரி. வாரத்துக்கு ஒரு தடவ, முடியலன்னா மாசத்துக்கு ரெண்டு தடவ. போரடிக்கும், உண்மைதான். ஒண்ணுமே பாக்கலன்னாலும் போயிட்டு வந்ததா எழுதுங்க. "30 நிமிஷம், சுத்தமா ஒண்ணும் இல்ல" அப்படின்றதும் டேட்டாதான், புயலுக்கு அடுத்த நாள் வந்த பூஜ்யத்துக்கு ரொம்ப அர்த்தம் இருக்கு.

கடல் மேல தூரத்துல போற பறவைய எப்படி பாக்கறது?

உசரமான ஒரு முனைல, சூரியன் முதுகு பக்கம் இருக்கற மாதிரி உக்காருங்க. கடல்ல இருந்து கரைய நோக்கி காத்து பலமா அடிச்ச மறுநாள் காலைதான் பெஸ்ட். அடிவானத்துக்கு கொஞ்சம் கீழ ஸ்கோப்ப நிறுத்தி வச்சுட்டு, வர்றத எண்ணுங்க, எந்த திசைல போச்சுன்னு எழுதுங்க. முதல் நாள் எல்லாமே கருப்புப் புள்ளியாதான் தெரியும், பயப்படாதீங்க, இறக்கைய எப்படி அடிக்குதுன்றத வச்சு கொஞ்ச நாள்ல பிரிக்க வந்துடும்.

கடல் தொழில் பண்றவங்கதான் இதுல நிஜமான நிபுணர். எந்த மாசத்துல எந்த ஆலா எவ்ளோ தூரத்துல மீன் கூட்டத்து மேல சுத்தும்னு அவங்களுக்கு தண்ணி பட்ட பாடு. தீவுக்கு வர்ற படகுல உக்காந்து போற நேரத்தையும் வீணாக்காதீங்க. கரைய விட்டு நல்லா தள்ளிப் போனா ஈபேர்ட்ல நடுக்கடல் பதிவுக்குன்னே பிலேஜிக்னு தனி ப்ரோட்டோகால் இருக்கு, அதுல ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிஸ்ட்டா உடைச்சுப் போடுங்க, கடல்ல இடம் மாறிக்கிட்டே இருக்கும் இல்லயா.

பறவை மட்டும்தானா?

இல்லவே இல்ல. பறவை சும்மா உள்ள நுழையற வாசல், தீவுல யாரும் தொடாத விஷயம் பூச்சிலயும் அலையடிக்கற பாறைலயும்தான் கிடக்கு. தண்ணி நல்லா வத்தின நேரத்துல பாறைக் குழிங்கள பாருங்க, கல்ல புரட்டிப் பாத்தா அதே பக்கமா திரும்ப வச்சிடுங்க, அடில ஒட்டிக்கிட்டு இருக்கறது வெயில் பட்டா செத்துடும்.

அந்துப்பூச்சிக்கு ஒரு வெள்ளை பெட்ஷீட், ஒரு லைட் போதும். நிலா இல்லாத, காத்து அடங்கின ராத்திரியா பாருங்க. ஷீட்ட சுவத்துல கட்டி லைட்ட அது மேல அடிச்சா பத்து நிமிஷத்துல ஒண்ணொண்ணா வந்து ஒட்டும், முதல்ல கொசு மாதிரி பொடிசா வரும், அப்புறம் இறக்கைய கூரை போல மடிச்சுட்டு உக்கார்றது, தட்டையா விரிச்சு உக்கார்றது, காஞ்ச குச்சி மாதிரி சுருட்டிக்கிட்டு நிக்கறதுன்னு விதவிதமா. நேர் மேல இருந்து ஒரு ஃபோட்டோ எடுத்தா அடையாளம் சொல்றவங்களுக்கு ஈஸி. விடியறதுக்கு முன்னாடி லைட்ட அணைச்சு ஷீட்ட மெதுவா உதறி விட்டுடுங்க, இல்லன்னா காலைல பறவைங்களுக்கு விருந்து ஆயிடும். பசங்கள இழுக்க இத விட நல்ல வழி நான் பாத்ததில்ல.

ஒரு வேண்டுகோள், கூடு கட்டற கடற்பறவை இருக்கற தீவுன்னா அந்த சீசன்ல லைட் போடறத கரையை விட்டு உள்ள தள்ளி வைங்க. ஷியர்வாட்டர், பெட்ரல் குஞ்சுங்க முதல் தடவ ராத்திரில பறக்கும்போது லைட்ட பாத்து குழம்பி தரைல விழுந்துடும்.

எலியும் பூனையும் கூட எழுதணுமா?

தீவுல ஒரே ஒரு பதிவுதான் போட முடியும்னா அது எலிப் பதிவா இருக்கட்டும்னு சொல்வேன், விளையாட்டுக்கு சொல்லல. நியூசிலாந்து பக்கத்துல ஸ்டீஃபன்ஸ் தீவுல பறக்கத் தெரியாத குட்டிப் பறவை ஒண்ணு இருந்துச்சு, லயல்ஸ் ரென். லைட்ஹவுஸ் கட்டினாங்க, ஆளுங்க வந்தாங்க, பூனைங்களும் வந்துச்சு, 1894-ல உலகத்துக்கு அந்தப் பறவை இருக்கறதே தெரிய வந்து ஒரு வருஷம் முடியறதுக்குள்ள கிட்டத்தட்ட கதை முடிஞ்சது. பசிபிக் கடல்ல இருக்கற குவாம் தீவுல இரண்டாம் உலகப் போர் முடிஞ்ச சமயத்துல சரக்கோட வந்து சேந்த பழுப்பு மரப்பாம்பு, காட்டுல இருந்த 12 உள்ளூர் பறவை வகைல 10-அ காலி பண்ணிடுச்சு.

நல்ல பக்கமும் இருக்கு. இங்கிலாந்துல லண்டி தீவுல 2002-ல இருந்து 2004 வரைக்கும் எலிய முழுசா ஒழிச்சாங்க, 2001-ல 300 ஜோடி கூட இல்லாத மான்க்ஸ் ஷியர்வாட்டர் 2018 வாக்குல 5,500 ஜோடிக்கு மேல போயிடுச்சு. முன்னாடி எவ்ளோ இருந்துச்சுன்னு எண்ணி வச்சிருந்ததாலதான் இந்த வித்தியாசமே சொல்ல முடியுது.

எலி இல்லாத தீவுன்னா படகு நிக்கற இடத்துல வாசனை சேத்த மெழுகுக் கட்டிய கம்பில கட்டி வச்சு அப்பப்போ பாப்பாங்க. எலி கடிச்சா ரெண்டு முன்பல்லும் பக்கத்து பக்கத்துல கோடு கிழிச்ச மாதிரி தடம் இருக்கும், நண்டு கிள்ளினா அப்படி இருக்காது. அந்தத் தடத்த பாத்தா ஃபோட்டோ எடுத்து அன்னிக்கே தீவ நிர்வகிக்கறவங்களுக்கு சொல்லிடணும், ஆப்ல போட்டுட்டு சும்மா இருந்தா பத்தாது. வெளியூர்ல இருந்து வர்றவங்க பை, ஷூ அடி, சாக்ஸ்ல ஒட்டின விதை எல்லாத்தையும் படகு ஏறறதுக்கு முன்னாடியே தட்டிட்டு வரணும்.

கூடு இருக்கற இடத்துக்கு போய் எண்ணலாமா? ஃபோட்டோ எடுக்கலாமா?

கிட்ட போகாதீங்க. ஆலா வெறும் மணல்ல முட்டை போடும், முட்டை மணல் நிறத்துலயே இருக்கும், நீங்க மிதிச்ச அப்புறம்தான் தெரியும். தாய் எழுந்து பறந்துடுச்சுன்னா வெயில்ல கொஞ்ச நேரத்துலயே முட்டை வெந்துடும், அது போதாதுன்னு காக்காவும் கடற்காகமும் நீங்க கிளப்பி விடறதுக்காகவே காத்துட்டு இருக்கும். பொந்துல கூடு வைக்கற பறவை இருக்கற இடத்துல தரையே உள்ள பொள்ளலா இருக்கும், நடந்தா இடிஞ்சு குஞ்சு மேல விழும்.

எவ்ளோ தூரம் தள்ளி நிக்கணும்னு மீட்டர் கணக்கு கேக்கறாங்க, பறவைக்கு பறவை மாறும். உக்காந்திருக்கறது தலைய நிமித்தி உங்கள பாத்தா நில்லுங்க. எழுந்து நின்னா, கத்த ஆரம்பிச்சா, உங்க தலை மேல பாஞ்சா, வந்த வழியே பின்னாடி போங்க. தூரத்து மேட்டுல இருந்து ஸ்கோப் வச்சு உக்காந்திருக்கற பறவைய எண்ணினா போதும், முட்டை எண்ற வேலை அனுமதி வாங்கின ஆய்வாளருக்கு. ட்ரோன் வேணவே வேணாம். சத்தத்த ஃபோன்ல போட்டு வரவைக்கறதும் கூடு சீசன்ல வேணாம். சில தீவுங்க பாதுகாக்கப்பட்ட பகுதி, இறங்கறதுக்கே அனுமதி வேணும், அத முதல்ல விசாரிச்சுக்கோங்க.

அரிய பறவை வந்திருக்கு, எல்லாருக்கும் சொல்லலாமா?

கூடு வைக்கற அரிய பறவைன்னா வெளில சொல்லாதீங்க. வழி தவறி வந்ததுன்னா சொல்லலாம், ஆனா முதல்ல அந்த இடத்துக்காரங்க கிட்ட கேளுங்க, யாரோ ஒருத்தரோட தோட்டத்து வேலிக்கு வெளிய நாப்பது கேமரா நிக்கறத அவங்க எதிர்பாத்திருக்க மாட்டாங்க. கடல தாண்டி வந்த பறவை தெம்பே இல்லாம இருக்கும், அது இரை தேடிக்கிட்டே இருக்கணும், நல்ல ஃபோட்டோவுக்காக நாலு தடவ கிளப்பி விட்டா செத்துப் போகவும் வாய்ப்பு இருக்கு.

ஐநேச்சுரலிஸ்ட்ல இடத்த 'அப்ஸ்க்யூர்டு'னு மறைக்கலாம், அப்ப அது 0.2 டிகிரி கட்டத்துக்குள்ள எங்கயோ ஒரு புள்ளி வைக்கும், பூமத்திய ரேகை பக்கம் அது சுமார் 22 கிலோமீட்டர். பெரிய நிலத்துல அது நல்லா மறைக்கும். சின்னத் தீவுல தரைப் பறவை நடுக்கடல்ல இருக்கற மாதிரி காட்டும், அந்த கட்டத்துலயே ஒரே ஒரு தீவுதான் இருக்குன்னா பாக்கறவனுக்கு எங்கன்னு சுலபமா புரிஞ்சிடும். அதனால தீவுல ரகசியம் காக்கணும்னா மறைக்கறத நம்பாதீங்க, சீசன் முடிஞ்சு குஞ்சு பறந்த அப்புறம் பதிவ ஏத்துங்க.

ஈபேர்ட்ல பதிவ சரிபாக்கற ரிவ்யூவர் என் பதிவ பத்தி கேள்வி கேட்டு மெயில் போட்டிருக்காரு. நான் பொய் சொல்றேன்னு நினைக்கறாரா?

இல்லங்க. அவரும் உங்கள மாதிரி சம்பளம் இல்லாத ஆளுதான், அந்த இடத்துக்கு அந்த சீசனுக்கு வழக்கத்துக்கு மாறா இருந்தா சிஸ்டமே எடுத்து அவர் முன்னாடி வைக்கும். பாத்த உடனே, புத்தகத்த திறக்கறதுக்கு முன்னாடி, அலகு எப்படி, கால் என்ன நிறம், பறக்கும்போது இறக்கைல கோடு தெரிஞ்சுதா, பக்கத்துல இருந்த பறவைய விட பெருசா சின்னதான்னு எழுதி வச்சிருந்தா அத அப்படியே அனுப்புங்க. மங்கலான ஃபோட்டோவா இருந்தாலும் போடுங்க. அப்பவும் ஏத்துக்கலன்னா உங்க சொந்த லிஸ்ட்ல இருக்கும், பொது டேட்டால மட்டும் வராது. கோவிச்சுக்கிட்டு விட்டுடாதீங்க.

ஊர்க்காரங்கள எப்படி இழுக்கறது? கூட்டம் போட்டா யாரும் வர்றதில்ல.

வர மாட்டாங்க, ப்ரொஜெக்டர் வச்சு பல்லுயிர் பாதுகாப்புனு ஆரம்பிச்சா நானே வர மாட்டேன். அவங்க இருக்கற இடத்துக்கு நீங்க போங்க. படகுத் துறைல ஒரு கரும்பலகை வைங்க, "இந்த வாரம் யார் என்ன பாத்தா"னு தலைப்பு, பக்கத்துல சாக்பீஸ். டால்பின் பாத்தேன், ஆமை தடம் பாத்தேன், பேர் தெரியாத பெரிய பறவை ஒண்ணுனு எழுத ஆரம்பிச்சுடுவாங்க, ஒருத்தர் எழுதினத இன்னொருத்தர் தப்புன்னு சண்டை போடுவாங்க, அங்கதான் க்ரூப் பொறக்குது. நீங்க பண்ண வேண்டியது வாரக் கடைசில அத ஃபோட்டோ எடுத்து, எழுதினவங்க பேரோட நோட்டுல ஏத்தறது மட்டும்.

கேள்வி கேக்கறவங்களா போங்க, பாடம் எடுக்கறவங்களா போகாதீங்க. வயசானவங்க கிட்ட "நீங்க சின்ன வயசுல பாத்து இப்ப இல்லாத பறவை எது"னு ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. அவங்க சொல்ற உள்ளூர் பேர அப்படியே எழுதிக்கோங்க, எந்த வகைன்னு அப்புறம் படம் காட்டி உறுதி பண்ணிக்கலாம்.

ஸ்கூல் பசங்களுக்கு ஆளுக்கு ஒரு பறவைய ஒப்படைச்சுடுங்க, வருஷம் பூரா அவன் அந்தப் பறவைக்கு பொறுப்பு, அது எப்போ வந்துச்சு எப்போ போச்சுன்னு அவன்தான் சொல்லணும். இருவது பறவைப் பேர மனப்பாடமா ஒப்பிக்க வைக்கறத விட இது நல்லா வேலை செய்யும். சுற்றுலா வர்றவங்க கிட்ட படகு ஏறும்போது ஒரு சின்ன அட்டை குடுத்து திரும்பும்போது வாங்கிக்கலாம், பாதி குப்பையா வரும், மீதில நல்ல ஃபோட்டோ இருக்கும்.

உலகமே சேந்து எண்ற நாளுங்கள புடிச்சுக்கோங்க. 1998-ல ஆரம்பிச்ச கிரேட் பேக்யார்ட் பேர்ட் கவுன்ட் பிப்ரவரில நாலு நாள் நடக்கும், கால் மணி நேரம் எண்ணினாலே சேத்துக்குவாங்க. மே மாசம் குளோபல் பிக் டே. ஆசியாவுல இருக்கற தீவுன்னா ஜனவரில நீர்ப்பறவை கணக்கெடுப்பு, அது 1987-ல இருந்து நடக்குது. உலக மேப்ல நம்ம தீவுல ஒரு புள்ளி விழறத பாக்க ஜனங்களுக்கு அவ்ளோ சந்தோஷம்.

ஒண்ணு மட்டும், யார் அதிகம் பாத்தான்னு போட்டி வைக்காதீங்க. முதல் மாசம் சூடு புடிக்கும், மூணாவது மாசம் இல்லாத பறவைய எல்லாம் பாக்க ஆரம்பிச்சுடுவாங்க. யார் அதிக நாள் போனான்னு வேணும்னா வைங்க.

செத்து ஒதுங்கின பறவை கிடந்தா? கால்ல வளையம் இருந்தா?

வெறும் கையால தொடாதீங்க, எச்5என்1 பறவைக் காய்ச்சல் கடற்பறவை கூட்டங்கள பல நாட்டுல மொத்தமா காலி பண்ணிருக்கு. ஃபோட்டோ, தேதி, இடம் போதும். நிறைய ஒண்ணா கிடந்தா கால்நடைத் துறைக்கு சொல்லுங்க. ஆராய்ச்சிக்காக மாட்டற வளையத்துல நம்பரும் முகவரியோ இணையதளமோ பொறிச்சிருக்கும், எல்லா பக்கமும் தெரியற மாதிரி ஃபோட்டோ எடுக்க முடியலன்னா குச்சியால லேசா திருப்பி எடுங்க. அனுப்பினா எங்க, எப்போ, எந்த வயசுல வளையம் போட்டாங்கன்னு பதில் வரும். உயிரோட இருக்கற பறவை கால்ல கலர் கொடி இருந்தா கலர், எழுத்து, எந்தக் கால்னு மூணையும் குறிங்க.

இவ்ளோ கஷ்டப்பட்டு ஏத்தற டேட்டா எங்க போகுது?

ஈபேர்ட் டேட்டாவும், பொருத்தமான லைசென்ஸ் இருக்கற ஐநேச்சுரலிஸ்ட் ரிசர்ச் கிரேட் பதிவும் ஜிபிஐஎஃப்னு ஒரு உலகப் பொது களஞ்சியத்துக்கு போகும், அங்க இருந்து யார் வேணும்னாலும் எடுத்து ஆராய்ச்சி பண்ணலாம். உங்க தீவுல படகுத் துறை கட்டப் போறாங்க, ரிசார்ட் வரப் போகுதுன்னா அப்ப மதிப்பீடு பண்ண வர்றவங்க முதல்ல தேடறதும் இது மாதிரி இடத்துலதான். ஆனா ஊருக்குன்னு ஒரு பிரதி கண்டிப்பா வச்சுக்கோங்க, ஈபேர்ட்ல உங்க டேட்டா மொத்தத்தையும் டவுன்லோட் பண்ண முடியும், வருஷத்துக்கு ஒரு தடவ பண்ணுங்க. நோட்டுங்கள பக்கம் பக்கமா ஃபோட்டோ எடுத்து தீவுக்கு வெளில இன்னொரு இடத்துல வைங்க. மேல சொன்ன ஃபேர் ஐல்ல 1948-ல ஆரம்பிச்ச பறவை ஆய்வு நிலையக் கட்டடம் 2019 மார்ச்ல முழுசா எரிஞ்சு போச்சு, பதிவ எல்லாம் ஏற்கனவே கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிருந்ததால அது தப்பிச்சது.

நான் தீவ விட்டு வேற ஊருக்கு போயிட்டா இதெல்லாம் என்ன ஆகும்?

நிறைய தீவுல இப்படித்தான் நின்னு போகுது, ஒரே ஒரு ஆர்வக்கோளாறு எல்லாத்தையும் தூக்கிச் சுமக்கும், அது கிளம்பினதும் முடிஞ்சது. முதல் வருஷத்துல இருந்தே ரெண்டு பேருக்கு பாதை தெரிஞ்சிருக்கணும். எங்க நின்னு எண்றீங்க, எந்தப் பக்கம் பாத்து, எத்தனை நிமிஷம், ஓதம் எப்படி இருக்கும்போது, இதெல்லாம் ஒரே பக்கத்துல எழுதி, நிக்கற இடத்துல இருந்து ஒரு ஃபோட்டோவும் சேத்து வைங்க, புதுசா வர்றவங்க அதே பாறைல அதே பக்கம் திரும்பி நிக்கணும். க்ரூப்புக்கு தனி ஈமெயில் இருக்கட்டும், பாஸ்வேர்ட் ரெண்டு பேர் கிட்ட. பைனாகுலர், ஸ்கோப் யார் கிட்ட இருக்குன்னு நோட்டோட கடைசி பக்கத்துல எழுதி வைங்க, இது அல்பமா தெரியும், ஆனா க்ரூப்புங்க உடையறது பெரும்பாலும் ஸ்கோப்பாலதான்.